மே மாதத்து ஏரி

ஒரு பொருள் கண்முன் இல்லாதபோது அதற்கு நம்மீது ஏதேனும் உரிமை உண்டா? கேள்வி பழையது. இறந்தவர்களைப் பற்றியும் இனிப் பிறக்கப்போகிறவர்களைப் பற்றியும் தத்துவவாதிகள் இதைக் கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு ஏரியைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். ஏரியின் விஷயம் இன்னும் சங்கடமானது. அது சாகவுமில்லை, பிறக்கக் காத்திருக்கவுமில்லை. வருஷத்தில் சில மாதம் இருக்கிறது. சில மாதம் இல்லை என்று நாம் சொல்கிறோம். அப்படிச் சொல்லிவிடுவதில் ஒரு தார்மிகப் பிரச்னை ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே கிடக்கிறது அந்த ஏரி. கழுவேலி என்றும் கழுவெளி என்றும் எழுதுகிறார்கள். வெளி என்று முடிவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. யாரும் வெட்டிய ஏரி அல்ல. கரை எழுப்பி நீரைத் தேக்கியதல்ல. கடலோரத்து இயற்கைப் பள்ளம். மேற்கிலிருந்து ஏரிகள் நிரம்பி வழிந்த நன்னீர் இதில் வந்து சேர்கிறது. மறுபக்கம் உப்புக்கழி ஒன்று இதை இடையன்திட்டு முகத்துவாரத்தோடும் வங்கக் கடலோடும் இணைக்கிறது. ஆகவே ஒரு கோடியில் நன்னீர், மறு கோடியில் உப்பு, நடுவில் இரண்டுங்கெட்டான். 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு ஐயாயிரம் ஹெக்டேருக்குச் சற்று அதிகம். பரப்பு இவ்வளவு இருந்தும் ஆழம் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது.

ஆழம் என்ற சொல்லைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நமது விமர்சனத்தில் ஆழம் என்றால் பாராட்டு. ஆழமற்றது என்றால் அதோடு ஆள் தீர்ந்தான். பறவைகளிடம் இந்த அளவுகோல் செல்லாது. நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு ஜாண் தண்ணீர்; சிறிய உள்ளான்களுக்கு இரண்டு விரல்கடை. உப்புக்கொத்திக்கு ஈரச்சேறு போதும். ஒவ்வொன்றின் காலும் அலகும் ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்காக வளர்ந்தவை. நல்லெண்ணத்தோடு இயந்திரங்களைக் கொண்டுவந்து இப்படி ஒரு ஏரியை ஆழப்படுத்தினால் நீர் நிறைய நிற்கும்; நடந்து இரை தேடும் பறவைக்கு நிற்க இடமிராது. மேலோட்டமாக இருப்பதே இந்த ஏரியின் சாரம். மேலோட்டமாக இருப்பதனாலேயே இது வற்றுகிறது. இரண்டையும் பிரிக்க முடியாது.

பறவை பார்ப்பதை நம்மவர்கள் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பொழுதுபோக்கு என்பது ஒன்று. இயற்கை நேசம் என்ற மங்கலான பக்தி என்பது மற்றது. இரண்டுமே பார்த்தலை ஒரு குற்றமற்ற செயலாக வைத்துக்கொள்கின்றன. சுடுவதில்லை, பிடிப்பதில்லை, சும்மா பார்க்கிறோம். இதில் என்ன தீங்கு? நானும் பல வருஷங்களாக இந்த ஏரிக்கும் இதைப்போன்ற வேறு சில ஏரிகளுக்கும் பைனாகுலரும் நோட்டுப்புத்தகமுமாகப் போய்வருகிறேன். பார்ப்பதில் தீங்கு இருக்கிறதா என்பதைவிட, எப்போது பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறோம் என்பது முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

வருஷத்தை அதன் ஒழுங்கில் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. ஏரி நிரம்புகிறது. ஜனவரி, பிப்ரவரியில் நீர் மெல்ல இறங்கி ஓரங்களில் சேறு தெரியும்போது கூட்டம் உச்சத்துக்கு வருகிறது. நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் நடுநீரில், பூநாரைகள் உப்பு மிகுந்த பக்கத்தில், நத்தைக்குத்தி நாரைகள் நன்னீர்ப் பக்கத்தில், உள்ளான்கள் விளிம்பில். மார்ச்சில் வாத்துகள் கிளம்புகின்றன. ஏப்ரலில் எஞ்சியிருக்கும் கருவால் மூக்கன்களில் சிலவற்றின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறம் கொள்கின்றன. சைபீரியாவில் இணை தேடுவதற்கான உடை அது. இங்கே நாம் மாதக்கணக்கில் பார்த்தது அதன் சாம்பல் நிறத்தை. நிறம் ஏறத் தொடங்கியதும் போய்விடுகிறது. மே மாதத்தில் ஏரியின் பெரும்பகுதி வெடித்த களிமண். ஜூன், ஜூலையிலும் அதே.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடப்பதுதான் விசித்திரம். உள்ளான்கள் அப்போதே வந்துவிடுகின்றன. பருவமழைக்கு இன்னும் ஒரு மாதமாவது பாக்கி. ஏரி என்று நாம் சொல்லும் எதுவும் அங்கே இல்லை. எங்கோ கோடைமழையில் நின்ற குட்டை, கழியோரத்து ஈரம், உப்பளத்துப் பாத்தி என்று ஒதுங்கி நின்று அவை காத்திருப்பதுபோல் நமக்குப் படுகிறது.

இந்த இடத்தில் ஒரு கவிஞர் நம்பிக்கை, விசுவாசம் என்ற சொற்களைக் கொண்டுவந்து விடுவார். அதைத் தடுக்க வேண்டும். பறவை காத்திருக்கவில்லை. வடக்கே பகலின் நீளம் குறையத் தொடங்கியதும் அதன் உடம்புக்குள் ஒரு மாற்றம் நிகழ்கிறது. கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறது. மரக்காணத்தில் மழை பெய்ததா, பெய்யுமா என்பது பற்றி அதற்கு எந்தச் செய்தியும் எட்டியிருக்க முடியாது. அது நம்புவதில்லை, வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அப்படி அது கண்ணை மூடிக்கொண்டு வரமுடிவது ஒரு நிபந்தனையின் பேரில்: அது இல்லாத மாதங்களில் அந்தப் பள்ளத்தை யாரும் தூர்த்துவிடாமல் இருந்திருக்க வேண்டும். விசுவாசம் என்ற சொல்லுக்கு இங்கே இடமிருந்தால் அது பறவையின் பக்கத்தில் இல்லை. நம் பக்கத்தில் காலியாக இருக்கிறது.

இனி, பார்ப்பவர்கள் எப்போது வருகிறார்கள் என்று பார்க்கலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ல் தொடங்கியது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது. அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குச் சரியான காரணம் உண்டு. நடுக்குளிரில் வலசைப் பறவைகள் ஓரிடத்தில் நிலைத்திருக்கும்; ஒரே பறவையை இரண்டு இடங்களில் எண்ணிவிடும் அபாயம் குறைவு. 1971ல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று, ஒரு நீர்நிலை இருபதாயிரம் நீர்ப்பறவைகளை வழக்கமாகத் தாங்க வேண்டும் என்பது. இதுவும் நியாயமானதே. ஆனால் அதே உடன்படிக்கை, நீர்நிலை என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, நிரந்தரமாக இருப்பதோடு தற்காலிகமாக இருப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. வரையறைக்கு மே மாதம் தெரிந்திருக்கிறது. எண்ணிக்கைக்கு உச்ச மாதம்தான் தெரிகிறது. சட்டம் உச்சத்தைக்கொண்டே பேசுகிறது. நாமும் அப்படியே.

உச்சத்தை நேசிப்பவர்கள் நாம் மட்டுமல்ல. ராஜஸ்தானத்தில் பரத்பூர் ஏரியில் கல்வெட்டுகள் நிற்கின்றன. எந்தத் தேதியில், எந்தப் பிரபுவின் வரவை ஒட்டி, எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12ல் வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273. எவ்வளவு துல்லியம்! நூறுகளாக முழுமையாக்காமல் கடைசி மூன்றையும் எண்ணியிருக்கிறார்கள். சுடுகிறவனும் எண்ணுகிறவனும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. பறவை உயிரோடு இருக்கிறது என்ற வித்தியாசத்தைப் பறவையின் இடத்திலிருந்து பார்த்தால் அதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் உறவு இருக்கிறது. இருவருக்குமே ஏரி ஒரு களஞ்சியம். நிறைந்திருக்கும்போது வருகிறார்கள், காலியானதும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காலியான ஏரியை யார் பார்க்கிறார்கள்? நில அளவைக்காரர் பார்க்கிறார். குப்பை கொட்ட இடம் தேடுகிறவர் பார்க்கிறார். மனை பிரிக்கிறவர் பார்க்கிறார். இவர்களுடைய மாதம் மே. புறம்போக்கு என்ற சொல் வரிக்கணக்குக்குப் புறத்தே நின்ற நிலத்தைக் குறித்தது. மேய்ச்சலும் நீர்நிலையும் பாதையும் சுடுகாடும் அதில் அடக்கம். எல்லாருக்கும் பொதுவானது என்பதனால் தனியொருவன் பெயரில் இல்லை. இன்று தெருச்சண்டையில் ஒருவனைப் புறம்போக்கு என்று திட்டினால் ஒன்றுக்கும் உதவாதவன் என்று அர்த்தம். எல்லாருக்கும் உரியது எதற்கும் உதவாததாக மாறிய இந்தச் சரித்திரம் ஒரே சொல்லுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. பள்ளிக்கரணையில் அது மண்ணில் நடந்தது. 1960களில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு அது. சென்னை தெற்கே வளர வளர, குப்பைமேடும் சாலையும் ரயில்பாதையும் அலுவலகக் கட்டடங்களும் குடியிருப்பும் அதைத் தின்றன. 2007ல் எஞ்சியதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022ல் அதுவும் ராம்சர் பட்டியலில் ஏறியது. இடையில் 2015 டிசம்பரில் நீர் தன் பழைய இடத்துக்கு வந்து பார்த்தது. வேளச்சேரியில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. அங்கே வீடு வாங்கியவர்களைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்குக் காட்டப்பட்டது உலர்ந்த மனை. ஏரி வெளியே போயிருந்த நேரத்தில் அதன் இடத்தை விற்றிருக்கிறார்கள்.

அப்படியென்றால் மே மாதத்து ஏரியில் என்னதான் இருக்கிறது? நான் பார்த்த அளவில் சொல்கிறேன். நத்தை தன் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு களிமண்ணுக்குள் கிடக்கிறது. அல்லிக்கிழங்கு கிடக்கிறது. நீருக்கடியில் மாதக்கணக்கில் அழுகாமல் கிடந்த தாவரக் கழிவு, காற்று பட்டதும் வேகமாக மட்கி உப்புகளை விடுவிக்கிறது. பூச்சிகளின் புழுக்களைத் தின்று தீர்க்கும் பெரிய மீன்கள் இல்லாமல் போகின்றன. அக்டோபரில் நீர் திரும்பி வந்ததும் புழுவும் பூச்சியும் சட்டென்று பெருகுவது இதனால்தான். வாத்தும் உள்ளானும் வந்து சேர்வது இந்தப் பெருக்கத்துக்கு. வருஷம் முழுதும் நிரம்பியே நிற்கும் ஏரியில் இந்த விருந்து கிடைக்காது. உடல்நூல் போலச் சொன்னால், வறட்சி இந்த ஏரியின் வெளிமூச்சு.

இத்தோடு நிறுத்திவிட்டால் கட்டுரை திருப்தியாக முடிந்துவிடும். மே மாதம் ஜனவரிக்காக உழைக்கிறது; ஆகவே மே மாதத்தை மதிப்போம். ஆனால் ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்ன ஆட்சேபணை எனக்கு வலுவாகப் பட்டது. ‘இதுவும் கணக்குப்பிள்ளை புத்திதானே? தூங்குகிற குழந்தையை, நாளைக்கு விழித்துச் சிரிக்கும் என்பதற்காக நேசிப்பதுபோல இருக்கிறதே’ என்றார். உண்மை. வறட்சி எப்படி நிறைவை உண்டாக்குகிறது என்று தெரிந்துகொள்வது அறிவு. அது தேவை. ஆனால் அது மட்டும் போதாது. வறண்ட ஏரியின் உரிமை, அடுத்த ஜனவரியை ஈடாகக் காட்டித்தான் நிலைநாட்டப்பட வேண்டும் என்றால், ஜனவரி பொய்த்துப்போகும்போது அந்த உரிமையும் போய்விடும். இது வெறும் அனுமானமல்ல. 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. அந்த ஜனவரியில் தமிழ்நாட்டு ஏரிகள் பல, மே மாதத்தைப்போலவே கிடந்தன. அவற்றை அப்போது என்ன சொல்லிக் காப்பாற்றுவது? போன வருஷத்தைக் காட்டியா?

மே மாதத்தை ஈடுகாட்டாமல் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு எனக்கு உதவியது ஆள்காட்டி. வலசைப் பறவையல்ல, அபூர்வமுமல்ல. பட்டியல் போடுகிறவர்கள் அதைப் பார்த்தால் பென்சிலைக்கூட எடுப்பதில்லை. ஏரி வற்றிய தரையில், கூடென்று சொல்லமுடியாத ஒரு குழியில், சுற்றிலும் நாலு கல்லோ ஆட்டுப் புழுக்கையோ கிடக்க, மண்நிறத்தில் பெரும்பாலும் நான்கு முட்டை இடுகிறது. மே வெயிலில் அந்த முட்டைக்குச் சூடு தேவையில்லை, நிழல்தான் தேவை. பறவை எங்கோ எஞ்சிய குட்டைக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருகிறது. இதை ஜனவரிக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதற்கு ஏரி வேண்டியதில்லை. ஏரி வற்றிய இடம்தான் வேண்டும். நாம் இன்மை என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் ஒரு முழு ஜீவிதம் நடந்துகொண்டிருக்கிறது. நாம் வருவதைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டுகிறது. அதற்கு நாம் பார்வையாளர் அல்ல, ஆபத்து.

ஆள்காட்டி தவிர அங்கே இருப்பவர்கள் மனிதர்கள். ஒரு மே மாதம் காலை, ஆடு ஓட்டிவந்த அம்மாள் ஒருத்தி என்னிடம், “ஏந்தம்பி, இந்த வெயில்ல என்னாத்தப் பாக்க வந்தீங்க?” என்றாள். “ஏரி வத்திப்போச்சான்னு பாக்கத்தாம்மா” என்றேன். “தண்ணிதான் வத்திப்போச்சு. ஏரி எங்க போச்சு? ஏரிலதான ஆடு மேயுது” என்றாள். அவள் தத்துவம் பேசவில்லை, தமிழ் பேசினாள். நமது பேச்சில் ஏரி என்பது நீரைக் குறிப்பதில்லை, நீர் வந்து தங்கும் இடத்தைக் குறிக்கிறது. வறண்ட கோடையிலும் ‘ஆடு ஏரியில மேயுது’ என்று இயல்பாகச் சொல்கிறோம். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் போட்ட சிக்கல், ‘சில மாதம் இருக்கிறது, சில மாதம் இல்லை’ என்பது, அவளுக்கு எழவே இல்லை. படித்தவர்களாகிய நாம்தான் நீரை ஏரி என்று எடுத்துக்கொண்டு, நீர் போனதும் ஏரி போயிற்று என்று முடிவு கட்டினோம்.

இதில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஏரி இல்லாதபோது ஏரியோடு இருப்பவர்களைத்தான், நமது நேசம் அதிகாரம் பெற்றதும் முதலில் வெளியேற்றுகிறது. பரத்பூரிலேயே அது நடந்தது. ஏரி தேசியப் பூங்காவாக மாறியபின் 1982ல் அங்கே மாடு மேய்ப்பதைத் தடைசெய்தார்கள். எதிர்த்த கிராமத்தார்மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் செய்த ஆய்வு என்ன கண்டது? எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த புல், மேய்ச்சல் நின்றதும் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. பறவைக்காக மூடிய ஏரி பறவைக்கே பாதகமாகத் திரும்பியது. எருமையும் அந்த ஏரியின் ஒரு பகுதி என்பது பைனாகுலர் வழியே தெரிந்திருக்கவில்லை. அந்தச் சாவுகளை ஒரு தகவல் பிழையாக மட்டும் எழுதிவிட முடியாது. தூய ஏரி என்ற பிம்பத்தைக் காதலித்ததன் விலை அது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் காதலித்தவர்கள் அல்ல.

பறவையைப் பற்றியும் இதே குழப்பம் இருக்கிறது. ஆண்டுதோறும் ‘வெளிநாட்டுப் பறவைகள் வருகை’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. உள்ளான் ஆகஸ்டில் வந்து ஏப்ரலில் போகிறது. முட்டையிட வடக்கே தங்குவது மூன்று மாதத்துக்கும் குறைவு. காலத்தைக்கொண்டு பார்த்தால் அது நம்மூர்ப் பறவை. பிரசவத்துக்கு வெளியூர் போய்வருகிறது. ஆனால் இதையும் நான் உரிமைச் சண்டையாக ஆக்கமாட்டேன். நாம் பார்க்கும் துண்டை முழுமை என்று எடுத்துக்கொள்வதே இரண்டிலும் உள்ள பிழை. சைபீரியாக்காரனுக்கு அந்தப் பறவை இல்லாத குளிர்காலமும் நமக்கு அது இல்லாத கோடையும் ஒரே ஜீவிதத்தின் மறுபக்கங்கள். இல்லை என்று நாம் சொல்வதெல்லாம் ‘இங்கே, இப்போது, என் கண்ணுக்கு’ என்ற மூன்று அடைமொழிகளை விழுங்கிவிட்டுச் சொல்வதுதான்.

இந்த வட்டத்தில் இருப்பவர்களுக்கு வற்றுவதும் நிரம்புவதும் புதிதல்ல. நமது பத்திரிகைகளின் ஆயுள்ரேகையே அப்படித்தான். இரண்டு இதழ்களுக்கு நடுவே எதுவும் நடக்கவில்லை என்று சந்தா கட்டியவர் நினைக்கலாம். எழுதுகிறவன் அப்படி நினைக்கமாட்டான். இதை உவமையாக நீட்ட விருப்பமில்லை. ஏரி எதற்கும் உவமையாக இருக்கக் கடமைப்பட்டதல்ல.

எனவே கடன் என்று நான் சொல்வது மிகச் சிறியது. காப்பாற்றுவது, போராடுவது எல்லாம் அதற்கு அப்பால் வருகின்றன. அவற்றைச் செய்கிறவர்களை மதிக்கிறேன். அவற்றுக்கு முந்திய ஒன்று இருக்கிறது. நோட்டுப்புத்தகத்தில் ஒரு தேதி போட்டு, நின்ற நேரத்தைக் குறித்து, ‘நீர்ப்பறவை: 0’ என்று எழுதுவது. எழுதாமல் விட்ட பக்கமும் இந்தப் பூஜ்யமும் ஒன்றல்ல. எழுதாமல் விட்டதை நாளைக்கு ஒரு அதிகாரி ‘எதுவுமில்லை’ என்று படிப்பார். எதுவுமில்லை என்பதைத் தரிசு என்று படிப்பார். தரிசு என்பதை ஒதுக்கீடு செய்யலாம் என்று படிப்பார். பூஜ்யத்தை அப்படிப் படிக்க முடியாது. ஒரு மனிதன் அங்கே நின்றான், பார்த்தான், பறவை இல்லாதபோதும் அது ஏரியாகவே இருந்தது என்று அது சொல்கிறது. ஜனவரியில் இருபதாயிரம் என்று எழுதுவதற்கு யாரும் சிரமப்பட வேண்டியதில்லை, பறவைகளே எழுதவைத்துவிடும். மே மாதத்தில் நம்மை எழுதவைப்பதற்கு அங்கே யாருமில்லை. அந்த வரியை நாமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.